வஞ்சிரம் தூங்கவில்லை

கணினிகளுக்கு மீன் பெயர் வைத்தவள் நான்தான்.
கட்டடத்தின் அடித்தளத்தில், ஏசி உறுமும் அறையில் பதினொன்று:
சுறா, திருக்கை, கெளுத்தி, அப்புறம் அவற்றின் கூட்டாளிகள்.
வாடகைக்கு எடுத்தவை இருபத்திரண்டு.
அவை மேகத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம்.
மேகம் என்பது எங்கோ ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம்.
நான் பார்த்ததில்லை, பில் மட்டும் வரும்.
நெத்திலி, காரப்பொடி, வஞ்சிரம்.

அந்தேரி அலுவலகத்தில் ஒரு பெயரும்
யார் வாயிலும் நுழையவில்லை.
வஞ்சிரத்தை யாரோ பெரியவர் என்று நினைத்துக்கொண்டு
"இந்த மாதமும் வன்ஜிராம்ஜி இவ்வளவு சாப்பிட்டாரா?"
என்று பில்லை ஆட்டுவார் அரோரா சார்.

என் வேலை, சுருக்கமாக, விளக்கணைப்பது.
இருபது நிமிடம் மவுஸ் அசையாவிட்டால்
ஆள் இல்லை என்று பொருள்.
மணிக்கு முன்னூற்றுப் பத்து ரூபாய் மிச்சம்.
ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருக்கிறேன்,
இரவில் ஒவ்வொன்றாக இமை மூட வைக்கும்.

ஜூலையில் ஒன்பது இரவுகள்
வஞ்சிரம் மட்டும் மூடவில்லை.
இரண்டு பத்துக்கு அசைந்தது மவுஸ்.
இரண்டு பதினொன்றுக்கு அசைந்தது.
கடலடிப் படங்களுக்கு வெளியே என்ன விலை என்று
எனக்குத் தெரியும். வயிற்றைக் கலக்கியது.

பத்தாம் இரவு மழை அடித்தளத்துக்குள் வந்துவிட்டது.
பம்பு வைத்து இறைத்தோம்.
எங்கள் சுறாவுக்கும் திருக்கைக்கும்
கணுக்கால் அளவு தண்ணீர் கூட ஆகாது.
ஈரச் செருப்போடு நாலாம் மாடி ஏறினேன்.

விலாஸ் துஸ்கானோவின் நாற்காலி காலி.
திரையில் மடிப்பு மடிப்பாகப் பாறை,
பாதி வரைந்த ஒரு மஞ்சள் கோடு,
அதன் நுனியில் நடுங்கும் அம்பு.
மேஜையில் மல்லாந்து கிடந்த கைக்கடிகாரம்,
அதன் மேல் மவுஸ்.
கீழே வினாடி முள் கடக்கும்போதெல்லாம்
தான் நகர்வதாக நம்பியது அது.

சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டேன்.
பதினான்கு மணி நேரம், ஒன்பது இரவு,
முப்பத்தொன்பதாயிரத்து அறுபது.
கோலிவாடாவில் என் மூன்று மாத வாடகை.

அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.
ஒன்பது இருபதுக்கு நனைந்து வந்தார்.
அர்னாளாவிலிருந்து பஸ், விராரிலிருந்து லோக்கல்,
ஒரு வண்டி தவறினால் கதவுக்கு வெளியேதான் இடம்.
"இயந்திரம் எழுந்து சர்வேயை ஏற்ற ஐம்பது நிமிடம்," என்றார்.
"அந்த ஐம்பதையும் நான் நின்றுகொண்டே வந்தவன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. கோட்டைக் காட்டினார்.
"இங்கே ஆழத்துக்கு மீட்டர் கிடையாது.
ஒலி கீழே போய்த் திரும்பும் நேரம்தான் ஆழம்.
இந்த அடுக்கு இரண்டாயிரத்து நூறு மில்லிவினாடி.
என் கைக்கு உங்கள் மேகம் பதில் சொல்ல
எழுபது மில்லிவினாடி ஆகிறது.
எழுபதில் இங்கே நூறு மீட்டர் பாறை இருக்கிறது, தெரியுமா?"

தெரியாது.
எழுபது என்பது எனக்குப் பச்சை நிறம்.
நூறைத் தாண்டினால்தான் மஞ்சள்.

அன்று மாலை ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன்:
எட்டு இருபதுக்கு வஞ்சிரத்தை எழுப்பு,
சர்வேயை ஏற்று, காத்திரு.
அரோரா சாரிடம் ஒரு மணி நேரச் செலவை மட்டும் சொன்னேன்.
ஒன்பது இரவுகளைப் பற்றி அவர் கேட்கவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.
துஸ்கானோ கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் பில் வந்தது.
"வன்ஜிராம்ஜி மெலிந்துவிட்டாரே, உடம்பு சரியில்லையா?"

சனிக்கிழமை இரவு இரண்டு பதினான்கு.
நெத்திலியில் மவுஸ் அசைந்தது.
இரண்டு பதினைந்து. அசைந்தது.
குடையை எடுத்துக்கொண்டு
லிஃப்டை நோக்கி நடந்தேன்.